எவரிஸ்ட் கால்வா

எவரிஸ்ட் கால்வா (அக்டோபர் 25, 1811 – மே 31, 1832) பிரான்சு நாட்டைச் சேர்ந்த கணிதவியலாளர் ஆவார். ஒரு பல்லுறுப்புக்கோவைச் சமன்பாட்டைக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், படிமூலம் காணல் ஆகிய செயல்களை மட்டும் கொண்டு தீர்க்க இயலுமா என்ற வினா அவருக்கு முன் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக நிலுவையில் இருந்தது. சமன்பாட்டின் மூலங்களை இடம் மாற்றி வைக்கும் முறைகள் தமக்குள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதிலேயே அதற்கான விடை உள்ளது என்று கால்வா கண்டார். அத்தகைய அமைப்பைக் குறிக்கக் குலம் என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லைக் கணிதக் கலைச்சொல்லாக முதலில் ஆண்டவரும் இவரே. இன்று நுண்புல இயற்கணிதம் என்று பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் துறைக்கு இவருடைய எழுத்துகள் ஓர் ஊற்றுக்கண். அச்சில் அவை அறுபது சொச்சம் பக்கங்களே வரும். இறக்கும்போது இவருக்கு வயது இருபதும் ஏழு மாதங்களும்.

இவருடைய வாழ்க்கை பற்றி வழங்கும் கதைகளில் உண்மையும் புனைவும் கலந்துள்ளன. சாவதற்கு முந்தைய ஒரே இரவில் தம் கோட்பாடு முழுவதையும் எழுதி முடித்தார் என்பது அவற்றுள் மிகவும் பரவியது. அது சரியன்று. அதற்கான காரணம் கீழே தரப்படுகிறது.

இளமை

பாரிசு நகருக்குத் தெற்கே அமைந்த பூர்க்-லா-ரென் என்னும் சிற்றூரில் கால்வா பிறந்தார். தந்தை நிக்கோலா கப்ரியேல் கால்வா அங்கு ஓர் உறைவிடப் பள்ளியை நடத்தி வந்தார். தாராளவாதக் கருத்துகள் உடையவர். வேடிக்கையான செய்யுள்கள் புனைவதில் வல்லவர். 1815 ஆம் ஆண்டு நெப்போலியன் மீண்டும் ஆட்சிக்கு வந்த நூறு நாட்களில் அவ்வூரின் மேயரானார். அதன்பின் மன்னராட்சி திரும்பியபோதும் அப்பதவியில் நீடித்தார். தாய் அடிலெய்ட் மரீ தெமாந்த் சட்ட அறிஞர்கள் நிறைந்த குடும்பத்தில் பிறந்தவர். இலத்தீனையும் பண்டைய இலக்கியங்களையும் நன்கு கற்றிருந்த அவரே மகனுக்குப் பன்னிரண்டு வயதுவரை வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். கால்வாவுக்கு ஒரு தமக்கையும் ஆல்ஃபிரட் என்ற தம்பியும் இருந்தனர்.

1823 அக்டோபரில் பாரிசிலுள்ள லூயி-லெ-கிரான் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அது பழம்பெருமை வாய்ந்தது, ஆனால் சிறைக்கூடம் போன்ற கட்டுப்பாடு கொண்டது. கால்வா சேர்ந்த சில மாதங்களிலேயே நிர்வாகத்துக்கு எதிராக மாணவர்கள் கிளர்ச்சி செய்தனர், பலர் வெளியேற்றப்பட்டனர். கால்வா அதில் பங்கு கொள்ளவில்லை. முதல் சில ஆண்டுகள் மொழிப் பாடங்களில் பரிசுகளும் பெற்றார்.

1827 பிப்ரவரியில், பதினைந்து வயதில், வெர்னியே என்ற ஆசிரியரின் கணித வகுப்பில் சேர்ந்தார். அதன்பின் பிற பாடங்கள் எல்லாம் அவருக்குச் சுமையாயின. லெஜாந்தரின் வடிவியல் நூலைக் கற்றபின், பாடநூல்களை ஒதுக்கிவிட்டு லாக்ராஞ்சியின் மூல ஆய்வுகளையே நேரடியாகப் படிக்கத் தொடங்கினார். இது ஒரு முக்கியமான திருப்பம். ஏனெனில் முப்படி, நாற்படிச் சமன்பாடுகளின் தீர்வு முறைகள் ஏன் பலிக்கின்றன என்பதை மூலங்களின் இடமாற்றங்களைக் கொண்டு 1770-71 ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்தவர் லாக்ராஞ்சி. ஐந்தாம் படியில் அம்முறை ஏன் தடுமாறுகிறது என்பதையும் அவர் கண்டிருந்தார். கால்வா பிடித்துக்கொண்ட நூல் அங்குதான் தொடங்குகிறது.

அக்காலத்துப் பள்ளிக் குறிப்புகள் அவரைத் திறமையும் விசித்திரமும் கலந்த, பிறருடன் ஒட்டாத மாணவராகச் சித்திரிக்கின்றன. கணிதத்தில் முறையாகப் படிப்படியாக உழைக்கும்படி வெர்னியே அறிவுறுத்தி வந்தார். அவ்வறிவுரையை அவர் கேட்கவில்லை. 1828 இல், தேவையான ஆயத்த வகுப்பை முடிக்காமலே, பிரான்சின் தலைசிறந்த அறிவியல் கல்லூரியான எகோல் பாலிடெக்னிக்கின் நுழைவுத் தேர்வை எழுதித் தோல்வியுற்றார்.

அதே ஆண்டு லூயி ரிஷார் என்ற ஆசிரியரிடம் வந்து சேர்ந்தார். கால்வாவின் வாழ்வில் அவரை முழுமையாகப் புரிந்துகொண்ட ஆசிரியர் இவர் ஒருவரே எனலாம். ரிஷார் தாம் எழுதி வெளியிட்டது அதிகமில்லை. ஆனால் மாணவனின் பயிற்சித் தாள்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து, பல ஆண்டுகள் கழித்துத் தம் மற்றொரு மாணவரான சார்லஸ் எர்மீத்திடம் ஒப்படைத்தார். எர்மீத் பின்னாளில் பெரும் கணிதவியலாளர் ஆனார்.

1829 ஆம் ஆண்டு

1829 ஏப்ரலில், மீளும் தொடர் பின்னங்கள் பற்றிய கால்வாவின் முதல் கட்டுரை கெர்கோன் நடத்திய கணித இதழில் வெளிவந்தது. மே 25, ஜூன் 1 ஆகிய நாட்களில், பகா எண்ணைப் படியாகக் கொண்ட சமன்பாடுகளைத் தீர்ப்பது பற்றிய இரு ஆய்வுகள் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் அளிக்கப்பட்டன. மதிப்பிடும் பொறுப்பு அக்காலத்தின் முன்னணிக் கணிதவியலாளர் அகஸ்டின் கோஷியிடம் சென்றது. பதினேழு வயதுப் பள்ளி மாணவனுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வாய்த்திருக்க முடியாது.

அடுத்த மாதமே நிலைமை மாறியது. பூர்க்-லா-ரெனில் மன்னர் சார்புப் பாதிரியார் ஒருவர், மேயரின் பெயரில் கீழ்த்தரமான செய்யுள்களை எழுதிப் பரப்பினார். செய்யுள் எழுதும் பழக்கம் உள்ளவர் என்பதால் ஊரார் அதை எளிதில் நம்பினர். அவமானம் தாங்காத தந்தை 1829 ஜூலை 2 அன்று, மகன் படித்த பள்ளிக்கு அருகிலிருந்த தம் பாரிசு இல்லத்தில் தற்கொலை செய்துகொண்டார். சவ ஊர்வலத்தில் அப்பாதிரியார் கலந்துகொள்ள வந்தபோது கைகலப்பு மூண்டது.

சில வாரங்களில் எகோல் பாலிடெக்னிக்கின் தேர்வை இரண்டாம் முறையாக, அதாவது இறுதி முறையாக, எழுதினார். மீண்டும் தோல்வி. படிநிலைகளைத் தவிர்த்து மனத்திலேயே கணக்கிடும் அவரது பழக்கம் வாய்மொழித் தேர்வுக்கு ஒத்துவரவில்லை என்று கருதப்படுகிறது. தேர்வாளரின் முகத்தில் கரும்பலகைத் துடைப்பானை வீசினார் என்னும் கதைக்கு உறுதியான சான்று இல்லை. வேறு வழியின்றி ஆசிரியர் பயிற்சிக்கான ஆயத்தக் கல்லூரியில் (பின்னாளைய எகோல் நார்மால்) சேர்ந்தார்.

கையெழுத்துப் படிகள் தொலைந்தனவா?

கோஷி கையெழுத்துப் படியைத் தொலைத்தார் அல்லது புறக்கணித்தார் என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அறிவியல் கழக ஆவணங்களை ஆராய்ந்த ரெனே தாத்தோன் என்னும் வரலாற்றாசிரியர் 1971 இல் வெளியிட்ட செய்தி வேறு விதமானது. 1830 ஜனவரி 18 தேதியிட்ட மடல் ஒன்றில், கால்வாவின் ஆய்வைக் கழகத்தில் அன்று எடுத்துரைக்க எண்ணியிருந்ததாகவும், உடல்நலக் குறைவால் வர இயலவில்லை என்றும் கோஷி தெரிவித்துள்ளார். அடுத்த கூட்டத்தில் அவர் தம் சொந்த ஆய்வை மட்டுமே படித்தார். கழகத்தின் கணிதப் பெரும்பரிசுக்காக ஆய்வை விரிவாக்கி எழுதும்படி கால்வாவுக்கு அவரே யோசனை கூறியிருக்கலாம் என்பது தாத்தோனின் ஊகம்.

1830 பிப்ரவரியில் கால்வா அப்பரிசுக்காகத் தம் ஆய்வை அனுப்பினார். கழகச் செயலர் ஜோசப் ஃபூரியே அதை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். மே 16 அன்று இறந்துபோனார். அவருடைய தாள்களில் அப்படி கிடைக்கவில்லை. பரிசு ஜாக்கோபிக்கும், முந்தைய ஆண்டு ஏப்ரலில் 26 வயதில் காலமான நார்வே நாட்டு நீல்ஸ் ஏபெலுக்கும் வழங்கப்பட்டது. தகுதியற்றவர்களுக்குப் போன பரிசன்று. ஆயினும் கால்வாவின் ஆய்வு போட்டியில் கணக்கிலேயே எடுக்கப்படவில்லை. இதைத் தற்செயல் என்று ஏற்க அவர் மறுத்தார். தகுதியுள்ளோரைத் தள்ளிவைக்கும் ஒரு சமூகத்தின் செயலாகவே அதைக் கண்டார்.

அதே ஆண்டு ஏப்ரல், ஜூன் மாதங்களில் அவருடைய மூன்று கட்டுரைகள் அச்சாயின. அவற்றில் எண்கோட்பாடு பற்றிய ஒன்றில் முடிவுறு களங்கள் முதன்முதலாக அறிமுகமாகின்றன. இன்று குறுந்தகடுகளிலும் செயற்கைக்கோள் தொடர்பிலும் பயன்படும் பிழை திருத்தும் குறிமுறைகள் இக்களங்களின் மேல்தான் கட்டப்பட்டுள்ளன. கணினித் துறையினர் கால்வா களம் என்ற பெயரைக் கால்வா யாரென்று அறியாமலே நாள்தோறும் பயன்படுத்துகின்றனர்.

அரசியல்

1830 ஜூலையில் பாரிசில் புரட்சி வெடித்து, பத்தாம் சார்லசு மன்னர் நாட்டைவிட்டு ஓடினார். எகோல் பாலிடெக்னிக் மாணவர்கள் தெருவில் இறங்கிப் போரிட்டபோது, ஆயத்தக் கல்லூரியின் இயக்குநர் தம் மாணவர்களை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டார். சுவரேறித் தப்ப முயன்று கால்வா தோற்றார். டிசம்பரில் அவ்வியக்குநரைக் கண்டித்து ஓர் இதழுக்கு மடல் எழுதியதால் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். குடியரசுவாதிகள் நிறைந்த தேசியக் காவற்படையின் பீரங்கிப் பிரிவில் சேர்ந்தார். அப்பிரிவு டிசம்பர் 31 அன்று அரசாணையால் கலைக்கப்பட்டது.

வருவாய்க்கு வழியின்றி 1831 ஜனவரியில் சொர்போன் தெருவிலிருந்த புத்தகக் கடை ஒன்றில் உயர் இயற்கணித வகுப்பு தொடங்கினார். முதல் நாள் நாற்பது பேர் வரை வந்தனர். வகுப்பு நீடிக்கவில்லை. அதே மாதம், கணிதவியலாளர் சிமியோன் புவாசோனின் அழைப்பின் பேரில், தம் ஆய்வை மூன்றாம் முறையாக எழுதிக் கழகத்துக்கு அளித்தார். இன்று நமக்குக் கிடைத்திருப்பது இந்தப் படியே.

1831 மே 9 அன்று நடந்த குடியரசுவாதிகளின் விருந்து ஒன்றில், கையில் கத்தியை உயர்த்திப் புதிய மன்னர் லூயி பிலிப்பின் பெயரைச் சொல்லி மதுக்கிண்ணம் ஏந்தினார். அங்கிருந்த எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமா விபரீதத்தை உணர்ந்து சன்னல் வழியே வெளியேறியதாகத் தம் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். மறுநாள் கால்வா கைதானார். ஜூன் 15 அன்று நடுவர் குழு அவரை விடுதலை செய்தது. ஒரு மாதம் கழித்து, ஜூலை 14 அன்று, கலைக்கப்பட்ட படையின் சீருடையில், ஆயுதங்களுடன் ஊர்வலத்தின் முன்னணியில் சென்றபோது மீண்டும் கைதாகி, சாந்த்-பெலாழி சிறையில் அடைக்கப்பட்டார்.

ஆய்வின் உள்ளடக்கம்

புவாசோன் 1831 ஜூலை 4 தேதியிட்டு அளித்த அறிக்கை, வாதங்கள் போதிய அளவு தெளிவாகவோ விரிவாகவோ இல்லை என்று கூறியது. கோட்பாட்டை முழுமையாக வெளியிட்ட பிறகு மதிப்பிடலாம் என்ற யோசனையும் அதில் இருந்தது. அது பகைமையில் எழுந்த தீர்ப்பன்று. அவ்வாய்வு உண்மையிலேயே கடினமானது. மேலும் அதில் சொல்லப்பட்ட கருத்துகளுக்கு அன்று பெயர்களே கிடையா. அதன் மையக் கருத்தை இன்றைய சொற்களில், நாற்படிச் சமன்பாட்டை வைத்து விளங்கிக் கொள்ளலாம். கால்வாவும் தம் ஆய்வில் எடுத்துக்காட்டாக இதையே கையாண்டுள்ளார்.

பொதுவான நாற்படிச் சமன்பாடு ஒன்றின் நான்கு மூலங்களை 1, 2, 3, 4 என்று எண்ணிடுவோம். அவற்றை 24 விதமாக இடம் மாற்றலாம். ஒரு மாற்றத்தை அடுத்து மற்றொன்றைச் செய்தால் கிடைப்பதும் இந்த 24 இல் ஒன்றாகவே இருக்கும். இத்தொகுப்பு நான்கின் சமச்சீர் குலம் எனப்படும். இதனுள் தாமே குலங்களாக அமையும் சிறு தொகுப்புகள், அதாவது உட்குலங்கள், மொத்தம் 30 உள்ளன. அவற்றில் எவை முக்கியமானவை?

4 என்ற மூலத்தை அசைக்காத ஆறு மாற்றங்கள் ஓர் உட்குலம். ஆனால் மூலங்களுக்கு வேறு விதமாக எண்ணிட்டால் இது வேறோர் உட்குலமாகிவிடும். எப்படி எண்ணிட்டாலும் மாறாமல் நிற்கும் உட்குலங்களும் உண்டு. இவையே இன்று இயல்நிலை உட்குலங்கள் எனப்படுபவை. கால்வா இவற்றின் முதன்மையைக் கண்டறிந்ததே அவருடைய ஆய்வின் உயிர்நாடி.

இவற்றைக் கணக்கிடுவது எளிது. எண்ணிடும் முறையை மாற்றினால், ஒரே வடிவமுள்ள மாற்றங்கள் தமக்குள் இடம் மாறும். 24 மாற்றங்களை வடிவப்படி பிரித்தால் ஐந்து வகுப்புகள் கிடைக்கின்றன: எதையும் அசைக்காதது 1, இரண்டை மட்டும் இடம் மாற்றுபவை 6, (1 2)(3 4) போல இரு இணைகளை இடம் மாற்றுபவை 3, மூன்றைச் சுழற்றுபவை 8, நான்கையும் சுழற்றுபவை 6. இயல்நிலை உட்குலம் ஒன்று இவ்வகுப்புகளை முழுமுழுதாகவே கொண்டிருக்க வேண்டும். அதில் எதையும் அசைக்காத மாற்றம் இருந்தாக வேண்டும். மேலும் லாக்ராஞ்சியின் தேற்றப்படி அதன் உறுப்புகளின் எண்ணிக்கை 24 ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். 1 உடன் 3, 6, 6, 8 ஆகியவற்றை எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் 24 இன் வகுஎண்களாக வருபவை 1, 1+3=4, 1+3+8=12, 24 ஆகிய நான்கு மட்டுமே. இந்நான்கும் உண்மையிலேயே உட்குலங்கள் என்பதைச் சரிபார்க்கலாம். ஆக, முப்பதில் நான்கே தேறுகின்றன.

இன்னும் கடுமையான ஒரு சோதனையும் உண்டு. எண்ணிடும் முறையை மாற்றுவது, குலத்தின் பெருக்கல் அமைப்பைக் குலைக்காமல் குலத்தைத் தன் மேலேயே படிய வைக்கும் ஒரு வழி. அவ்வாறு படிய வைக்கும் எல்லா வழிகளுக்கும் தன்னமைவியங்கள் என்று பெயர். எல்லாத் தன்னமைவியங்களுக்கும் அசையாத உட்குலம் சிறப்பியல்பு உட்குலம் எனப்படும். இப்பெயரை ஜெர்மனியின் ஃபுரோபேனியசு 1895 இல் அளித்தார். சிறப்பியல்பு உட்குலம் ஒவ்வொன்றும் இயல்நிலை உட்குலமே. மறுதலை எப்போதும் உண்மையாகாது. மேலே கண்ட நான்கு உறுப்பு உட்குலத்தை மட்டும் தனிக் குலமாக எடுத்துக்கொண்டால் இது விளங்கும். அதில் இரு உறுப்புகள் கொண்ட உட்குலங்கள் மூன்று உள்ளன. மூன்றும் அதனுள் இயல்நிலையானவை. ஆனால் அக்குலத்தின் தன்னமைவியங்கள் அம்மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடும். எனவே எதுவும் சிறப்பியல்பு உடையதன்று.

நான்கின் சமச்சீர் குலத்திலோ நான்கு இயல்நிலை உட்குலங்களும் இச்சோதனையில் வெல்கின்றன. தன்னமைவியம் ஒன்று வகுப்பை வகுப்பாகவே கொண்டுசெல்லும். மூன்று உறுப்புள்ள வகுப்பு ஒன்றே ஒன்று. ஆகவே அதைக் கொண்ட நான்கு உறுப்பு உட்குலம் அசையாது. மூன்று முறை செய்தால் பழைய நிலைக்கு வரும் மாற்றங்கள், மூன்றைச் சுழற்றும் அந்த எட்டு மட்டுமே. அவை தன்னமைவியத்தால் தமக்குள்ளேயே மாறும். அவற்றிலிருந்து பிறக்கும் பன்னிரண்டு உறுப்பு உட்குலமும் அசையாது. மற்ற இரண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இந்த அசையாத படிக்கட்டுகள் வழியேதான் சமன்பாட்டின் தீர்வு இறங்கி வருகிறது. 24 இலிருந்து 12 க்கு இறங்க ஒரு வர்க்கமூலம். 12 இலிருந்து 4 க்கு ஒரு கனமூலம். 4 இலிருந்து 2, 2 இலிருந்து 1 என இறங்க மேலும் இரு வர்க்கமூலங்கள். கடைசிப் படிகளில் வரும் இரு உறுப்பு உட்குலம் முழுக் குலத்தில் இயல்நிலையானதன்று. ஆயினும் தனக்கு முந்தைய படியில் அது இயல்நிலையானது, அதுவே போதும். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபெராரி கண்ட நாற்படித் தீர்வு ஏன் பலித்தது என்பதற்கு இதுவே விளக்கம்.

ஐந்தின் சமச்சீர் குலத்தில் 120 உறுப்புகளும் 156 உட்குலங்களும் உள்ளன. ஆனால் படிக்கட்டோ 120 இலிருந்து 60 க்கு இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. அந்த 60 உறுப்புக் குலத்தின் வகுப்புகள் 1, 12, 12, 15, 20 என்ற அளவினவை. 1 உடன் மற்றவற்றைக் கூட்டிப் பார்த்தால், 60 ஐ வகுக்கும் எண் இடையில் ஒன்றும் கிடைப்பதில்லை. வாசகர் தாளில் போட்டுப் பார்க்கலாம். சில நிமிடங்களே ஆகும். பொதுவான ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்குப் படிமூலத் தீர்வு இல்லை என்பதை 1824 இலேயே ஏபெல் நிறுவிவிட்டார். கால்வா அளித்தது அதற்கும் மேலானது: எந்த ஒரு குறிப்பிட்ட சமன்பாட்டுக்கும் உரிய குலத்தை எடுத்து, அது இவ்வாறு இறங்குமா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வழி. ஓர் எண்ணின் ஐந்தாம் படி 2 க்குச் சமம் என்ற சமன்பாட்டின் குலத்தில் 20 உறுப்புகளே உள்ளன, அது இறங்கும். ஐந்தாம் படியிலிருந்து அவ்வெண்ணையும் 1 ஐயும் கழித்தால் பூச்சியம் என்ற சமன்பாட்டின் குலம் 120 உறுப்புகளும் கொண்டது, அது இறங்காது.

ஆறின் சமச்சீர் குலம் ஒரு விந்தை. 2, 6 தவிர்ந்த எல்லா எண்களுக்கும் சமச்சீர் குலத்தின் தன்னமைவியங்களும் குல உறுப்புகளும் எண்ணிக்கையில் ஒத்துப்போகின்றன. எண்ணிடும் முறையை மாற்றுவதைத் தவிர வேறு தன்னமைவியம் எதுவும் கிடையாது. இரண்டின் குலத்தில் எண்களை மாற்றினாலும் ஒன்றும் அசைவதில்லை. அது அற்பமான விதிவிலக்கு. ஆறுக்கு மட்டும் 720 உறுப்புகள், 1440 தன்னமைவியங்கள். இதை ஓட்டோ ஹோல்டர் 1895 இல் கண்டார். அங்கு இரண்டை மட்டும் இடம் மாற்றும் 15 மாற்றங்களும், மூன்று இணைகளை ஒருசேர இடம் மாற்றும் 15 மாற்றங்களும் தமக்குள் வேடம் மாறிக்கொள்ளும். அப்படியிருந்தும் அதன் 360 உறுப்பு உட்குலம் அசைவதில்லை. பாதி அளவுள்ள உட்குலம் அது ஒன்றே என்பதே காரணம். 1986 இல் ஜெர்மனியின் ஆகன் நகரில் தொடங்கப்பட்ட கேப் என்னும் கட்டற்ற மென்பொருள் இக்குலத்தின் 1455 உட்குலங்களையும் நொடியில் வடிகட்டித் தந்துவிடும். வகுப்புகளைக் கையால் கூட்டிப் பார்ப்பதில் கிடைக்கும் தெளிவு அதில் கிடைக்குமா என்பது வேறு.

சிறையும் விடுதலையும்

ஆய்வு திரும்பி வந்த செய்தி 1831 அக்டோபரில் சிறையில் கால்வாவை எட்டியது. அதே மாதம் 23 ஆம் நாள், தடை செய்யப்பட்ட சீருடை அணிந்த குற்றத்துக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை உறுதியானது. கைதிகள் அவரைக் கேலி செய்து குடிக்க வைத்ததையும், போதையில் அவர் தந்தையை நினைத்துக் கதறியதையும் உடனிருந்த அரசியல் கைதி ராஸ்பாய் தம் மடல்களில் பதிவு செய்துள்ளார். அந்நிலையிலும் கணிதத்தை விடவில்லை. தம் ஆய்வுகளைத் தாமே வெளியிட எண்ணி, அறிவியல் உலகின் பெரியவர்களைச் சாடும் ஒரு முன்னுரையைச் சிறையிலேயே எழுதினார்.

1832 மார்ச்சில் பாரிசில் வாந்திபேதி பரவியதால், வேறு சில கைதிகளுடன் ஒரு மருத்துவ இல்லத்துக்கு மாற்றப்பட்டார். அங்குதான் ஸ்டெஃபானி தூமொத்தெல் என்ற இளம்பெண்ணைச் சந்தித்தார். அவள் எழுதிய இரு மடல்களின் துண்டுகள் கால்வாவின் கையெழுத்தில் படிகளாக எஞ்சியுள்ளன. அவை அவரை விலகியிருக்கச் சொல்லும் மடல்கள். ஏப்ரல் 29 அன்று விடுதலையானார்.

இறுதி நாட்கள்

ஒரு மாதம் கழித்து ஒருவருடன் துப்பாக்கிச் சண்டைக்கு உடன்பட்டார். காரணம் அப்பெண்ணை ஒட்டியது என்பதே பெரும்பாலோர் கருத்து. எதிராளி பெஷோ தெர்பன்வில் என்ற குடியரசுவாதி என்கிறார் டூமா. அக்கால நாளிதழ் ஒன்றின் விவரம் கால்வாவின் சிறைத் தோழர் ஒருவரைச் சுட்டுவதுபோல் உள்ளது. காவல்துறையின் சதி என்ற கூற்றுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

மே 29 இரவு கால்வா எழுதியவை சில மடல்கள். அவற்றில் நண்பர் அகஸ்த் ஷெவாலியேவுக்கு எழுதியது நீண்டது. தம் கண்டுபிடிப்புகளின் சுருக்கம் அதில் உள்ளது. பகா எண்ணல்லாத எண்ணிக்கை கொண்டு, மேலும் பிரிபடாமல் நிற்கும் மிகச் சிறிய குலத்துக்கு 60 உறுப்புகள் என்று அதில் குறிப்பிடுகிறார். மேலே கண்ட அதே குலம்தான். இம்முடிவுகளின் உண்மை பற்றியன்று, முக்கியத்துவம் பற்றி ஜாக்கோபியிடமோ காஸிடமோ கருத்துக் கேட்கும்படி நண்பரை வேண்டுகிறார். கழகம் திருப்பி அனுப்பிய ஆய்வையும் அவ்விரவில் புரட்டிச் சில திருத்தங்கள் செய்தார். ஒரு நிறுவலை நிறைவு செய்ய நேரமில்லை என்ற ஓரக்குறிப்பு அதில் உள்ளது. கோட்பாடு அவ்விரவில் பிறந்ததாகக் கூறும் கதைக்கு இக்குறிப்பே வித்து. எரிக் டெம்பிள் பெல் 1937 இல் எழுதிய புகழ்பெற்ற நூல் அதை உலகெங்கும் பரப்பியது. டோனி ராத்மன் 1982 இல் வெளியிட்ட ஆய்வு, பெல்லின் விவரிப்பை ஆவணங்களோடு ஒப்பிட்டு மறுத்தது. உண்மையில் அக்கோட்பாடு மூன்றாண்டு உழைப்பின் விளைவு. பதினாறு மாதங்களுக்கு முன்பே முழு வடிவில் கழகத்தின் மேசையில் இருந்தது.

மே 30 விடியலில் வயிற்றில் குண்டு பாய்ந்தது. தனித்துக் கிடந்தவரைக் கண்ட ஒருவர் கோஷேன் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். குடும்பத்தில் செய்தி அறிந்து வந்தவர் தம்பி ஆல்ஃபிரட் மட்டுமே. பாதிரியாரைக் காண மறுத்து, மறுநாள் காலை பத்து மணியளவில் கால்வா இறந்தார். ஜூன் 2 அன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு வந்து மோன்பர்னாஸ் இடுகாட்டின் பொதுக்குழியில் அடக்கம் செய்தனர். அவ்விடத்தின் அடையாளம் எஞ்சவில்லை.

எழுத்துகளின் பின்வரலாறு

ஷெவாலியேவுக்கு எழுதிய மடல் 1832 செப்டம்பரில் ஓர் இதழில் வெளியாயிற்று, எவரும் கவனிக்கவில்லை. ஷெவாலியேயும் ஆல்ஃபிரடும் கையெழுத்துப் படிகளைத் திரட்டிப் பிரதி எடுத்துப் பலருக்குக் காட்டினர். இறுதியில் அவை ஜோசப் லியூவிலின் கைக்கு வந்தன. லியூவில் அவற்றைப் பொறுமையுடன் பயின்று, 1843 செப்டம்பர் 4 அன்று அறிவியல் கழகத்தில் அவற்றின் சரித்தன்மையை அறிவித்தார். 1846 இல் தம் இதழில் அச்சேற்றினார். புவாசோன் அதற்குள், 1840 இல், மறைந்துவிட்டார்.

இத்தாலியின் என்ரிக்கோ பெத்தி 1850களில் விடுபட்ட நிறுவல்களை நிரப்பத் தொடங்கினார். கமீய் ஜோர்தான் 1870 இல் வெளியிட்ட வரிசைமாற்றங்கள் பற்றிய பெருநூல், கால்வாவின் கருத்துகளை முறையான கோட்பாடாக விரித்தது. தம் நூல் முழுவதையும் கால்வாவின் ஆய்வுகளுக்கான விளக்கவுரை என்றே ஜோர்தான் அடக்கமாகக் கருதினார். அழித்துத் திருத்திய வரிகளும் ஓரக்குறிப்புகளும் உட்படக் கையெழுத்துப் படிகள் 1962 இல் பூர்ன்யே, அசுரா ஆகியோரால் பதிப்பிக்கப்பட்டன. பீட்டர் நியூமனின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் கூடிய பதிப்பு 2011 இல் வெளிவந்தது.

பூர்க்-லா-ரென் இடுகாட்டில் தந்தையின் கல்லறைக்கு அருகே கால்வாவுக்கு ஒரு நினைவுக்கல் உள்ளது. அதன் கீழ் உடல் இல்லை.